சாப்பிடாத நாளில் இன்சுலின் வேண்டாமா?

கேள்வி: 13 வயது மகளுக்கு நான்கு மாதங்களுக்கு முன் முதல் வகை நீரிழிவு கண்டறியப்பட்டது. உணவை நான்தான் அளந்து கொடுக்கிறேன், ஊசி போடுகிறேன். இப்போது இன்சுலின் அளவு பாதியாகக் குறைந்துவிட்டது. நோய் குணமாகிறதா? இனிப்பு அதிகம் கொடுத்ததுதான் காரணமா? சென்ற வாரம் வாந்தியால் அவள் சாப்பிடாததால், அன்று ஊசி போடவில்லை.

பதில்: இனிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. உங்களை நீங்களே நொந்துகொள்ள இதில் எதுவுமில்லை. ஊசி தொடங்கியபின் எஞ்சிய செல்கள் சில மாதங்கள் சற்றுத் தெம்புடன் சுரப்பதை நாங்கள் 'தேனிலவுக் காலம்' என்போம். அது முடிந்துவிடும். நோயைக் குணப்படுத்தியதாக மார்தட்டும் காணொளிகள் பிழைப்பது இந்த இடைவெளியில்தான்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது கடைசி வரி. சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டேயிருக்கும், காய்ச்சல் நாளில் இன்னும் கூடுதலாக. இன்சுலின் இல்லையென்றால் உடல் கொழுப்பை எரித்து, கீட்டோன்கள் என்னும் அமிலப் பொருட்களைக் குவித்து ரத்தத்தை அமிலமாக்கும், அந்தக் கீட்டோன்களே மேலும் வாந்தியைக் கொண்டுவரும். ஆகவே நீண்டநேரம் வேலைசெய்யும் இன்சுலினை ஒருபோதும் அறவே நிறுத்தாதீர்கள். அளவை மாற்றுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இப்படி உடல்நலமில்லாத நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையைப் பாருங்கள், கீட்டோனையும் சோதியுங்கள். ரத்தக் கீட்டோன் 1.5-ஐ (mmol/L அளவில்) தாண்டினால் உடனே மருத்துவரை அழையுங்கள். 3-ஐத் தொட்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, வயிறு வலித்தாலோ, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கினாலோ, பிள்ளை சோர்ந்து தூங்கி வழிந்தாலோ, இரவு எத்தனை மணியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வயிற்றுக்கோளாறு என்று வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கொடுத்துப் பொறுத்துப் பார்க்கும் நேரம் அதுவல்ல.

இன்னொன்று. 'ஊசி போடுகிறேன்', 'அளந்து கொடுக்கிறேன்' என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். மகள் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. 13 வயதில் முழுப் பொறுப்பையும் அவள் தலையில் கட்டக்கூடாது, ஆனால் விரல் நுனியில் குத்தி எடுத்த எண்ணைப் படித்து, "280 இருக்கிறது, கீட்டோன் பார்க்க வேண்டும்" என்று அவளே சொல்லப் பழக வேண்டும். உடல் நன்றாக இருக்கும் ஒருநாளில் கீட்டோன் சோதிக்கும் பட்டையை அவள் கையில் கொடுத்து ஒத்திகை பாருங்கள். நீங்கள் இல்லாதபோது அவளைக் கவனித்துக்கொள்பவரும் அப்போது பக்கத்தில் இருக்கட்டும்.