தாள் நீளாது

அன்புள்ள ஐயா,

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஓய்வு கிடைத்தால் காகிதம் மடிப்பதே அவளுக்கு வேலை. நேரத்தை வீணடிக்கிறாள் என்று வீட்டில் அவளைக் கண்டிக்கிறார்கள். விண்கலத்தின் சூரியத் தகடுகளை ஓரிகாமி என்னும் ஜப்பானியக் காகித மடிப்பு முறையில் மடித்து அனுப்புகிறார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. முன்னோர்களின் இந்தக் கைக்கலைக்குள் நவீனத் தொழில்நுட்பம் முழுவதும் ஒளிந்திருக்கிறது என்றும் அதில் எழுதியிருந்தார்கள். அது உண்மையா? இந்த ஆர்வத்தை வைத்துக்கொண்டு அவள் பிற்காலத்தில் என்ன படிக்கலாம்?

வி.

அன்புள்ள வி,

காகித மடிப்பின் கணிதத்தைப் பற்றி நான் படித்துக்கொண்டிருக்கும் வேளையில் உங்கள் கடிதம் வந்தது. மகளுக்காக வாதாட நீங்கள் சான்று தேடுவது என்னை நெகிழச் செய்தது. அந்தச் சான்றை விண்கலத்தில் போய்த் தேடியதுதான் எனக்கு வருத்தம். ஒரு குழந்தை தாளை மடிப்பதற்கு ராக்கெட்டின் சிபாரிசு எதற்கு?

முன்னோர், ஒளிந்திருக்கும் தொழில்நுட்பம் என்பதையெல்லாம் மறந்துவிடுங்கள். நீங்கள் படித்த அந்தச் சூரியத் தகட்டு மடிப்பை 1970இல் முன்வைத்தவர் கோரியோ மியூரா என்ற ஜப்பானிய விண்வெளிப் பொறியாளர். வளைந்த மெல்லிய தகட்டு ஓடுகள் அழுத்தத்தில் எப்படி நசுங்குகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். காகிதக் கொக்கிலிருந்து அவர் தொடங்கவில்லை. 1995இல் ஏவப்பட்ட ஸ்பேஸ் ஃப்ளையர் யூனிட் என்ற கலத்தில் அந்த மடிப்பு விண்வெளியில் விரித்துப் பார்க்கப்பட்டது. நசுங்கும் ஓடும் கொக்கு செய்யும் கையும் ஒரே மாதிரியான கோடுகளில் வந்து நிற்கின்றன என்றால், அதற்குக் காரணம் ஒன்றுதான்: தாள் வளையும், மடங்கும், ஆனால் நீளாது. நீளாமல் வளையும் பரப்பில் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வகை வளைமை மாறவே மாறாது என்று 1827இல் ஜெர்மன் கணித அறிஞர் காவுஸ் நிறுவினார். பந்தைச் சுருக்கமில்லாமல் தாளால் பொதிய முடியாததும், இழுத்தால் உடைந்துவிடும் சூரியத் தகட்டை மடிப்புக்கோடுகளில் மட்டுமே சுருக்க முடிவதும் இந்த ஒரே விதியால்தான். இரத்தக் குழாய்க்குள் மடங்கிச் சென்று விரியும் ஸ்டென்ட், டி.என்.ஏ. இழையை மடித்து நுண்ணிய உருவங்கள் செய்யும் டி.என்.ஏ. ஓரிகாமி ஆகியவற்றின் பட்டியல் எங்கும் கிடைக்கும். நான் அதற்குள் போகவில்லை.

நான் சொல்ல விரும்புவது வேறு. ஒரு சதுரத் தாளைப் பாதியாக மடித்து, குறுக்காக மறுபடியும் பாதியாக மடித்து, பிரித்துப் பாருங்கள். நடுப்புள்ளியில் நான்கு மடிப்புக்கோடுகள் கூடுகின்றன. விரலால் தடவினால் மூன்று கோடுகள் உள்வாங்கியிருக்கும், ஒன்று மேடாக எழும்பியிருக்கும். மூன்றும் ஒன்றும், வேறுபாடு இரண்டு. தட்டையாக மடங்கும் எந்த வடிவத்தையும் பிரித்து, தாளின் உட்புறத்தில் கோடுகள் கூடும் எந்த முனையில் எண்ணினாலும், மேடாக எழும்பிய மலை மடிப்புகளுக்கும் உள்வாங்கிய பள்ளத்தாக்கு மடிப்புகளுக்கும் வேறுபாடு இரண்டுதான். இதை மேக்காவா தேற்றம் என்கிறார்கள். ஏன் இரண்டு? மடிந்த நிலையில் அந்த முனையைச் சுற்றி ஓர் எறும்பு ஊர்ந்து, புறப்பட்ட இடத்துக்கே வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மலை மடிப்பிலும் அது ஒரு திசையில் 180 பாகை திரும்புகிறது, ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் எதிர்த்திசையில் 180 பாகை. ஒரு சுற்று முடிய மொத்தத் திருப்பம் 360 பாகையாக வேண்டும். ஆகவே இரண்டு. இதில் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாதது எதுவுமில்லை. ஆனால் எல்லா முனைகளும் விதிகளுக்கு உட்பட்டிருந்தும், முழுத் தாளும் தட்டையாக மடங்குமா என்று முடிவுசெய்வது கணினியையே திணறடிக்கும் கணக்கு வகையைச் சேர்ந்தது; 1996இல் மார்ஷல் பெர்னும் பேரி ஹேய்ஸும் அதை நிறுவினார்கள்.

நான் பள்ளியில் படித்தபோது, எந்தக் கோணத்தையும் மூன்று சமபாகங்களாகப் பிரிக்கும் வழியே கிடையாது என்று வடிவியல் ஆசிரியர் சொன்னார். முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண் நோட்டுத் தாளைக் கிழித்து, கோணம் வரைந்து, மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தத் தாளைப் பிடுங்கிக் கசக்கினார். கணக்கு வகுப்பில் என்ன விளையாட்டு என்று வகுப்பே கேட்க அதட்டினார். அவர் சொன்னது அளவுகோலுக்கும் கவராயத்துக்கும் மட்டுமே பொருந்தும். தாளில் ஒரே மடிப்பால் இரண்டு புள்ளிகளை இரண்டு கோடுகளின்மேல் ஒருசேரக் கொண்டுபோய் அமர்த்தலாம். கவராயத்துக்கு அந்த வலிமை இல்லை. அந்த மடிப்பு முப்படிச் சமன்பாட்டை, அதாவது x³ வரும் சமன்பாட்டைத் தீர்க்கும் என்று இத்தாலியக் கணித அறிஞர் மார்கெரிட்டா பெலோக் 1936இல் காட்டினார். கோணத்தை மூன்றாகப் பிரிப்பது முப்படிச் சமன்பாடுதான். அதற்கான மடிப்பைப் பின்னாளில் ஜப்பானியரான ஹிசாஷி அபே தந்தார். காகிதம் மடித்தே வடிவியல் கற்கும் நூலைச் சுந்தர ராவ் 1893இலேயே சென்னையில் வெளியிட்டு, ஜெர்மன் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் க்ளைன் அதை எடுத்துச் சொல்லி, மேலைநாட்டார் பலர் படித்திருந்தார்கள். ஒரு கணக்கு ஆசிரியருக்கு இது எட்டவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம். அந்தப் பெண் சரியான இடத்தில்தான் தேடிக்கொண்டிருந்தாள். உங்கள் வீட்டில் கண்டிப்பவர்களிடம் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

உங்கள் மேலும் எனக்குக் குறை உண்டு. மகள் என்ன செய்கிறாள் என்று முழுக் கடிதத்திலும் நீங்கள் எழுதவில்லை. எதை மடிக்கிறாள், எங்கே தடுமாறுகிறாள், யாரும் சொல்லித் தராமல் எதைக் கண்டுகொண்டாள்? அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு தாளை மடித்ததுண்டா? மேற்படிப்பைப் பற்றி இப்போது பேச எனக்கு விருப்பமில்லை. அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

அவளிடம் ஒரு சதுரத் தாளைக் கொடுங்கள். மேல் விளிம்பின் நடுப்புள்ளியைக் குறித்துக்கொண்டு, கீழ் வலது மூலையை அந்தப் புள்ளிக்குக் கொண்டுவந்து அழுத்தி மடிக்கச் சொல்லுங்கள். மடிந்துவந்த கீழ் விளிம்பு இடது விளிம்பை வெட்டும் இடத்துக்குக் கீழே, அந்தப் பக்கத்தில் சரியாக மூன்றில் ஒரு பங்கு இருக்கும். அளவுகோல் வைத்து அவளே சரிபார்க்கட்டும். ஏன் அப்படி என்று அவள் கேட்டால், வடிவொத்த முக்கோணங்களும் பிதாகரஸ் தேற்றமும் போதும். இன்னும் படிக்கவில்லை என்றால் இதற்காகவே படிக்கட்டும். மேல் வலது மூலையில் உண்டாகும் சிறு முக்கோணத்தின் பக்கங்கள் 3, 4, 5 என்ற விகிதத்தில் இருப்பதை மட்டும் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.