பேச முடியாத மகனுக்கு 85,000 ரூபாய் டேப்லெட் வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது, பெருமூளை வாதம். நாங்கள் பேசுவதெல்லாம் புரிகிறது. ஆனால் பேச்சு வரவில்லை. கையைக் காட்டியும் அழுதும்தான் எதையும் சொல்கிறான். படத்தைத் தொட்டால் பேசும் டேப்லெட் ஒன்றை 85,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். 'மூன்றே மாதத்தில் பேச்சு நிச்சயம்' என்று விளம்பரம். 5,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டோம். மீதியைக் கட்டலாமா?
– ஒரு தாய், திருப்பூர்

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள் அம்மா. படத்தைத் தொட்டுப் பேசும் முறை நல்ல முறை, உங்கள் மகனுக்கு அவசியம் வேண்டும். ஆனால் இத்தனை மாதத்தில் வாய்ப்பேச்சு வந்துவிடும் என்று எந்தக் கருவிக்கும் உறுதி தர முடியாது. 'இதில் பழகினால் வாயைத் திறந்து பேசவே மாட்டான்' என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினால் அதையும் நம்ப வேண்டாம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

முதலில் கையில் இருக்கும் போனிலேயே தொடங்குங்கள். படத்தைத் தொட்டால் பேசும் செயலிகள் இருக்கின்றன. சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலியில் தமிழ் உண்டு. கட்டணச் செயலிதான், ஆனால் வாங்கும் முன் சில நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். ஐஐடி பம்பாயில் உருவான 'ஜெல்லோ' முற்றிலும் இலவசம். இரண்டையும் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள். சென்னைக்கு வர முடிந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான கோட்டூர்புரம் வித்யாசாகர் தொண்டு நிறுவனத்திலும், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான முட்டுக்காடு தேசிய நிறுவனத்திலும் இதில் அனுபவமுள்ளவர்கள் இருக்கிறார்கள்.

பயிற்சியாளரிடம் அவன் விரலைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒரு படத்தைத் தொடப் போகும்போது கை இழுத்துக்கொண்டு பக்கத்துப் படத்தில் படுகிறதா? அப்படியானால் திரையில் படங்களைக் குறைத்துப் பெரிதாக்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் நேராக ஓட்டை விட்ட பிளாஸ்டிக் தகட்டைத் திரைமேல் பொருத்தலாம். இதெல்லாம் தெரிந்த பிறகுதான் எவ்வளவு பெரிய டேப்லெட் தேவை என்பதே தெரியும். பெரும்பாலும் சாதாரண டேப்லெட்டும் அடிவாங்கினால் தாங்கும் உறையும் போதும். கடையிலேயே இணையத்தை அணைத்துவிட்டுத் தமிழ்க் குரல் வருகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, எந்தக் கருவியைவிடவும் அதுதான் பெரிது. முதல் சில மாதம் அவனைத் தொடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். நீங்கள் தொட்டுத் தொட்டுப் பேசுங்கள். இரண்டாவது இட்லி வைக்கும்போது 'இன்னும்' படத்தைத் தொட்டு, வாயாலும் 'இன்னும் ஒண்ணு' என்று சொல்லுங்கள். பல வீடுகளில் தோசை, பால், தண்ணீர் என்று சாப்பாட்டுப் படங்களாக நிரப்பிவிடுகிறார்கள். பிள்ளையால் சாப்பாடு வேண்டும் என்று கேட்க மட்டும்தான் முடிகிறது. 'வேண்டாம்', 'பிடிக்கலை', 'வலிக்குது', 'அம்மா வா' இவையும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். பாட்டி, தாத்தா படங்களுக்கு உங்கள் வீட்டில் அழைப்பதுபோல அம்மாயி, அப்புச்சி என்றே பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். அதே பக்கத்தை அச்செடுத்தும் வையுங்கள். சார்ஜ் தீர்ந்தால் பிள்ளை பேச்சில்லாமல் நிற்கக் கூடாது.

செலவு செய்யும் முன் அவனுடைய யு.டி.ஐ.டி. அட்டையோடு (மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அடையாள அட்டை) மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் என்ன உதவி கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள்.

சரி, முன்பணம். 'பேச்சு நிச்சயம்' என்பதை எழுத்தில் தரும்படி விற்பவரிடம் கேளுங்கள். தர மறுத்தால், அந்த வாக்குறுதியை நம்பித்தான் கட்டினோம், பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ கேளுங்கள். பொய்யான உறுதி தந்து விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரம். பணம் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீது, விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள்.