நீர்ச் சோதனையில் குறையில்லை. ஓடை வண்டலை வயலில் இடலாமா?

கேள்வி: எங்கள் வயலுக்கு நீர் தரும் ஓடையின் மேற்பகுதியில் கைவிடப்பட்ட ஈய, துத்தநாகச் சுரங்கம் ஒன்று உள்ளது. கோடையில் எடுத்த நீர் மாதிரியில் ஈயம் லிட்டருக்கு 4 மைக்ரோகிராம் இருந்தது, காட்மியம் தென்படவில்லை. ஓடையில் தேங்கியுள்ள வண்டலை அள்ளி வயலில் இடலாமா?

பதில்: வண்டலைத் தனியாகச் சோதிக்கும்வரை இட வேண்டாம். குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வழிகாட்டு அளவே லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பதால், அன்றைய நீரைப் பொறுத்தவரை உங்கள் சோதனை முடிவு நல்லதுதான். ஆனால் வண்டலைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. அமிலத்தன்மை இல்லாத நீரில் கலக்கும் ஈயமும் காட்மியமும் களிமண் துகள்களிலும், இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளிலும், மட்கிய பொருள்களிலும் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடுவதால், ஒரு கிலோ வண்டலில் உள்ள உலோகம் ஒரு லிட்டர் நீரில் உள்ளதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு இருப்பது இயல்பு.

படிந்தவை அங்கேயே அடங்கிக் கிடப்பதும் இல்லை. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சல்பைடாக முடங்கியிருக்கும் காட்மியம், அந்தச் சேற்றை அள்ளிக் காற்றுப்படப் பரப்பியதும் ஆக்சிஜனேற்றத்தால் விடுபட்டு, பயிரின் வேர் உறிஞ்சக்கூடிய நிலைக்கு மாறுகிறது. நீங்கள் செய்ய நினைப்பதும் இதுவே என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில், காமியோகா சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் பாசன நீரோடு நெல் வயல்களில் சேர்ந்து, அரிசி வழியாக மக்களின் சிறுநீரகங்களையும் எலும்புகளையும் சிதைத்தது. அந்த இடாய்-இடாய் நோய் மாசினால் வந்தது என்று அந்நாட்டு அரசு 1968-இல் ஏற்றுக்கொண்டது.

மாதிரிகளைப் பிளாஸ்டிக் கரண்டியால் எடுங்கள். சுரங்கத்துக்கு மேலே ஓரிடத்திலும், கீழே சில இடங்களிலும் எடுப்பது அவசியம். தாது நிறைந்த பாறைப் பகுதிகளில் இயற்கையாகவே உலோக அளவு கூடுதலாக இருக்கும் என்பதால், மேல்பகுதி மாதிரி இல்லாத அறிக்கையை வைத்துச் சுரங்கத்தின் பங்கைப் பிரித்தறிய முடியாது. மணலில் உலோகம் குறைவாகவும் நுண்துகள்களில் மிகுதியாகவும் இருப்பதால், எல்லா மாதிரிகளையும் 63 மைக்ரான் சல்லடையில் சலித்துச் சோதிக்கும்படி ஆய்வகத்திடம் கேளுங்கள். அறிக்கையில் வண்டல் தர வரம்புகள் குறிக்கப்பட்டிருந்தால், அவை பெரும்பாலும் ஓடையடியில் வாழும் உயிரினங்களைக் காக்க வகுக்கப்பட்டவை என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் வயலுக்கு வேளாண் மண்ணுக்கான வரம்பையே ஒப்பிட வேண்டும்.

நீரையும் மழைக்காலத்தின் முதல் வெள்ளத்தில் மீண்டும் சோதியுங்கள். ஒரு பாட்டிலில் வடிகட்டாத நீரும், மற்றொன்றில் 0.45 மைக்ரான் வடிகட்டி வழியாக வந்த நீரும் எடுத்து, அதன் பிறகே நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். வடிகட்டும் முன்பே அமிலம் சேர்த்தால் துகள்களில் ஒட்டியிருந்த உலோகமும் கரைந்து, நீரில் கரைந்திருந்த உலோகத்தின் கணக்கைக் குழப்பிவிடும். முடிவுகள் வரும்வரை, கலங்கிய வெள்ளநீர் வாய்க்காலுக்குள் புகாதபடி மடையை அடைத்துவிட்டு, ஓடை தெளிந்த பிறகு திறந்துகொள்ளுங்கள்.