சொல்லைப் பிரித்துப் படிப்பது எதுவரை உதவும்?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, வணிகவியலில் பட்டம் பெற்று, இப்போது மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் வங்கித் தேர்வுக்கும் தயாராகி வருகிறேன். நாளொன்றுக்கு இருபது ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பொருளோடு எழுதி மனப்பாடம் செய்கிறேன். ஒரே வாரத்தில் பாதி மறந்துவிடுகிறது. நினைவில் நிற்கும் சொற்களையும் வாக்கியத்தில் அமைத்து எழுத வரவில்லை. வேர்ச்சொற்களைப் படித்துவிட்டால் ஆயிரக்கணக்கான சொற்களுக்குப் பொருள் தானாகவே விளங்கிவிடும் என்று பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள். இது உண்மையா? குறிப்பேட்டில் சொற்களை எப்படி எழுதிப் படிக்க வேண்டும்?
(ஒரு வாசகர், விருதுநகர் மாவட்டம்)

பதில்: வேர்ச்சொற்களைக் கட்டாயம் படியுங்கள். ஆனால் உங்கள் பயிற்சி மையம் சொல்லும் காரணத்துக்காகப் படிக்க வேண்டாம். ஒரு சொல்லின் உறுப்புகளை வைத்துக்கொண்டு அதன் இன்றைய பொருளை முடிவு செய்ய முடியாது. பொருளை அகராதியில் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு, அதை மறக்காமல் பிடித்து வைப்பதற்கே உறுப்புகள் உதவும். அந்தச் சொல்லை எழுத்தில் எப்படிக் கையாள்வது என்பதை உறுப்பும் சொல்லாது, அகராதி விளக்கமும் முழுமையாகச் சொல்லாது. அதை எடுத்துக்காட்டு வாக்கியங்களிலிருந்துதான் கற்க வேண்டும். உங்களுக்கு இருப்பவை இரண்டு வேறு சிக்கல்கள் என்பதால், மறதிக்கு ஒரு மருந்தும் எழுத வராமைக்கு வேறொரு மருந்தும் தேவைப்படுகின்றன.

தமிழ்வழியில் படித்ததைக் குறையாக நினைக்காதீர்கள். ‘வந்தனன்’ என்னும் சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு உறுப்புகளாகப் பிரித்துக்காட்டப் பள்ளியிலேயே பழகியவர் நீங்கள். அதே கண்ணோடு ஆங்கிலச் சொல்லையும் பார்க்கலாம். ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். தமிழில் உறுப்புகள் பெரும்பாலும் பகுதிக்குப் பின்னால் சேர்கின்றன. ஆங்கிலமோ முன்னொட்டுகளை மிகுதியாகப் பயன்படுத்துகிறது. நமக்குப் பழக்கமில்லாத இந்த முன்னொட்டுகளுக்கே முதல் கவனத்தைக் கொடுக்க வேண்டும்.

அவற்றிலும் புணர்ச்சி உண்டு. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதுபோல, ‘இல்லை’ என்னும் பொருள்தரும் ‘இன்’ என்ற முன்னொட்டு, வரும் எழுத்துக்கு ஏற்பத் திரிந்து ‘இம்பாசிபிள்’, ‘இல்லீகல்’, ‘இர்ரெகுலர்’ என்றாகிறது. இது தெரிந்தவருக்கு எழுத்துப்பிழை வராது: ‘இல்லீகல்’ என்பதில் ‘எல்’ என்னும் எழுத்து தொடக்கத்தில் ஏன் அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது என்றால், ஒன்று முன்னொட்டுக்கு உரியது, மற்றொன்று ‘லீகல்’ என்பதற்கு உரியது. ‘இம்மெச்சூர்’ என்பதன் இரண்டு ‘எம்’ எழுத்துகளுக்கும், ‘இர்ரெகுலர்’ என்பதன் தொடக்கத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு ‘ஆர்’ எழுத்துகளுக்கும் காரணம் இதுவே. தேர்வில் சரியான எழுத்துக்கூட்டலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாக்களில் இந்த அறிவு நேரடியாக மதிப்பெண் தரும்.

இனி ஒரே ஒரு குடும்பத்தை நெருங்கிப் பார்ப்போம். எழுதுதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்த உறுப்பு ‘ஸ்க்ரைப்’. பெயர்ச்சொற்களில் அது ‘ஸ்க்ரிப்ட்’ என்று உருமாறும். ‘மேனு’ என்றால் கை; கையால் எழுதப்பட்டது ‘மேனுஸ்க்ரிப்ட்’. உள்ளே பதியும்படி எழுதியது, அதாவது கல்வெட்டு, ‘இன்ஸ்க்ரிப்ஷன்’. ‘சப்’ என்றால் கீழே. ஆவணத்தின் அடியில் பெயரெழுதி ஒப்புக்கொள்வதே ‘சப்ஸ்க்ரைப்’ என்பதன் பழைய பொருள். அப்படிக் கையொப்பமிட்டவர் பணம் தருவதாக உறுதியளித்தவர் ஆதலால் அச்சொல் சந்தா செலுத்துவதற்கு வந்தது. யூடியூப் பொத்தானில் மட்டுமே இச்சொல்லைப் பார்த்துப் பழகியவர்கள், ‘ஒரு கருத்துக்கு உடன்படுதல்’ என்ற பொருளில் அது நாளிதழ்த் தலையங்கத்தில் வரும்போது திகைத்துவிடுகிறார்கள். கையொப்பத்தை நினைத்துக்கொண்டால் திகைப்பு தீரும்.

இதே குடும்பத்தில் எல்லோரையும் குழப்பும் இணை ஒன்று உண்டு. ‘ப்ரிஸ்க்ரைப்’ என்றால் முன்கூட்டியே எழுதித் தருதல். மருத்துவர் மருந்தை எழுதித் தருவதும், பல்கலைக்கழகம் பாடநூலை வகுத்துரைப்பதும் இதுவே. ‘ப்ரோஸ்க்ரைப்’ என்றால் தடைசெய்தல். ‘ப்ரோ’ என்பது பலர் முன்னிலையில் என்பதைக் குறிக்கும். கி.மு. 82இல் ரோமின் ஆட்சியைக் கைப்பற்றிய சுல்லா, தன் எதிரிகளின் பெயர்களை எழுதிப் பொது இடத்தில் வைக்கச் செய்தார். அந்தப் பட்டியலில் இடம்பெற்றவரை யாரும் கொல்லலாம். அவருடைய சொத்து பறிமுதலாகும். பெயர் பலரறிய எழுதப்பட்டவர் சட்டத்தின் காப்பை இழந்தவர் என்ற நிலையிலிருந்துதான் தடைசெய்தல் என்னும் பொருள் வளர்ந்தது. இந்த வரலாற்றை ஒருமுறை அறிந்தவர் அவ்விரு சொற்களையும் மாற்றி எழுதுவது அரிது. ஆனால் இங்கேயே இன்னொன்றையும் கவனியுங்கள்: ‘பலர் முன்னிலையில்’, ‘எழுது’ என்னும் இரண்டு உறுப்புகளை மட்டும் ஒருவரிடம் கொடுத்து, இச்சொல்லின் பொருள் என்ன என்று கேட்டால், அறிவிப்பு, விளம்பரம் என்றெல்லாம் சொல்வாரே தவிரத் தடை என்று சொல்லவே மாட்டார்.

உறுப்பை நம்பிப் பொருளை ஊகிப்பது சில இடங்களில் ஆபத்தாகவும் முடியும். பெட்ரோல் ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரியின் பின்புறம் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘இன்’ என்றால் இல்லை என்று மட்டும் படித்தவர், அது தீப்பற்றாத பொருள் என்று எண்ணிவிடலாம். அங்கே வந்திருப்பது ‘உள்ளே’ என்னும் பொருள்தரும் வேறொரு ‘இன்’. எளிதில் தீப்பற்றும் என்பதே பொருள். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே ‘ஃப்ளேமபிள்’ என்ற வடிவத்தை எச்சரிக்கைப் பலகைகளில் பயன்படுத்தும் வழக்கம் வந்தது. ‘இன்வேல்யுவபிள்’ என்றால் மதிப்பற்றது அன்று, மதிப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது. ‘இன்ஃபேமஸ்’ என்றால் புகழ் பெறாதவர் அல்லர், கெட்ட பெயரால் எங்கும் அறியப்பட்டவர். நடந்து செல்பவரைக் குறிக்கும் ‘பெடஸ்ட்ரியன்’ என்பதில் உள்ள ‘பெட்’ லத்தீனில் காலைக் குறிக்கும். குழந்தை மருத்துவரைக் குறிக்கும் ‘பீடியாட்ரிஷியன்’ என்பதன் முதல் உறுப்போ குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிபவை எல்லாம் ஒரே குடும்பம் அல்ல.

அடுத்தது அகராதி விளக்கம். இருபது சொற்களுக்கும் எதிரே ஒற்றைத் தமிழ்ச் சொல் எழுதும் உங்கள் முறையில்தான் பெரிய இழப்பு நேர்கிறது என்று கருதுகிறேன். ‘ரிலக்டன்ட்’ என்பதற்கும் ‘ஹெசிடன்ட்’ என்பதற்கும் நீங்கள் ‘தயக்கம்’ என்றே எழுதியிருப்பீர்கள். முதல் சொல்லின் வேர் எதிர்த்து மல்லுக்கு நிற்பதைக் குறிக்கும். இரண்டாவதன் வேர் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்பதைக் குறிக்கும். கடன் அடைக்க வேறு வழியில்லாமல், மனமே இல்லாமல் பூர்வீக நிலத்தை விற்கச் சம்மதிப்பவர் ‘ரிலக்டன்ட்’. விற்பதா வேண்டாமா என்று முடிவுக்கு வர முடியாமல் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ‘ஹெசிடன்ட்’. தமிழில் எழுதுவது தவறே இல்லை, ஒரு சொல்லாக எழுதாமல் ஒரு தொடராக எழுதுங்கள்: ‘மனமில்லாமல் இணங்குதல்’, ‘முடிவெடுக்க முடியாமல் தயங்குதல்’ என்பதுபோல.

அதற்குக் கற்போருக்கான அகராதி ஒன்று தேவை. டாக்காவில் ஆங்கிலம் கற்பிக்கும் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், எண்டிகாட் என்பவருடன் இணைந்து 1935இல் வெளியிட்ட அகராதி, எல்லாச் சொற்களையும் 1,490 எளிய சொற்களுக்குள்ளேயே விளக்கியது. ஜப்பானில் கற்பித்த ஹார்ன்பியின் அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்து, பின்னர் ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதியாக வளர்ந்தது. நம்மைப்போல் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களை மனத்தில் வைத்து உருவானவை இவை. 1987இல் வந்த காலின்ஸ் கோபில்ட் அகராதி ஒரு படி மேலே சென்று, விளக்கத்தையே முழு வாக்கியமாகத் தருகிறது. ஆக்ஸ்ஃபோர்டு, காலின்ஸ் அகராதிகளின் இணையப் பதிப்புகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்; ஒலிப்பையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

எழுத வராமைக்கு மருந்து வாக்கியங்களில் இருக்கிறது. ‘பிரச்சினையைப் பற்றி விவாதித்தோம்’ என்று தமிழில் நினைப்பதால் ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின் ‘அபௌட்’ போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது பிழை. ‘சஜஸ்ட்’ என்ற சொல்லை அடுத்து நேரடியாக ‘மி’ வராது. ‘அவாய்ட்’ என்பதை அடுத்து வரும் வினை ‘இங்’ ஈறு பெற வேண்டும். ‘ரிலக்டன்ட்’ என்பதற்குப் பின் ‘டு’ வந்து, அதன் பின் வினையின் இயல்பு வடிவம் வரும். பிழை கண்டறியும் வினாக்களில் பெரும்பகுதி இப்படிப்பட்ட சேர்க்கைகளைச் சோதிப்பவை. இவை பொருள் பட்டியலில் கிடைக்கவே மாட்டா. அகராதியிலோ நாளிதழிலோ உள்ள வாக்கியத்தை அப்படியே படியெடுத்து, சொல்லோடு ஒட்டிவரும் சிறு சொற்களை அடிக்கோடிடுங்கள். அதன் கீழே அதே அமைப்பில் உங்கள் ஊரையும் வீட்டையும் வேலையையும் பற்றிச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தைத் தவிர்த்தால் மற்ற உழைப்பில் பாதி வீணாகும்.

ஆகவே குறிப்பேட்டில் எழுதும் வரிசையை மாற்றுங்கள். சொல்லை முதலில் சந்தித்த வாக்கியம் மேலே வரட்டும். அதைப் படித்து, உறுப்புகளைப் பிரித்து, பொருளை ஊகித்துப் பென்சிலால் எழுதுங்கள்; பிறகு அகராதியைப் பார்த்து ஆங்கில விளக்கத்தையும் தமிழ்த் தொடரையும் மையால் எழுதுங்கள். ஊகம் தவறியிருந்தால் அழிக்க வேண்டாம். தவறிய ஊகமும் சரியான பொருளும் அருகருகே இருப்பது நினைவுக்கு நல்லது. இறுதியில் உங்கள் வாக்கியம். இவ்வளவும் செய்யும்போது நாளொன்றுக்கு இருபது சொற்கள் இயலாது. ஐந்தோ ஆறோ போதும். மறதியைப் பற்றி ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வு முதல் தொடர்ந்து உறுதியாகி வந்திருப்பது, இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பதே நிலைக்கும் என்பதாகும். மறுநாள், நான்காம் நாள், இரண்டாம் வாரம், அடுத்த மாதம் என்று திரும்பி வாருங்கள். வரும்போது வாசிக்காதீர்கள், பொருளை மறைத்துக்கொண்டு, சொல்லைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

பின்னொட்டுகளை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். அவை விகுதிபோலச் சொல்லின் வகையைக் காட்டுபவை. ‘சென்சிபிள்’, ‘சென்சிடிவ்’ போன்ற இணைகளுக்கு மட்டும் சற்றுக் கூடுதல் நேரம் கொடுங்கள்: முன்னது விவேகமானவர், பின்னது எளிதில் மனம் புண்படுபவர்.

வேர்ச்சொல் படிப்பு முழுப் பயனையும் தரும் பகுதி, ஒரு தொடருக்கு ஒரு சொல் கேட்கும் வினாக்கள்தாம். கொலையைக் குறிக்கும் ‘சைட்’ என்ற ஈற்றுக்கு முன்னால் நிற்பது யார் என்று தெரிந்தால் போதும்: ‘ரெஜி’ என்றால் அரசன், ‘ஃப்ராட்ரி’ என்றால் உடன்பிறந்தவன், ‘மாட்ரி’ என்றால் தாய். ‘ஜெனொசைட்’ என்ற சொல்லை 1944இல் சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின் உருவாக்கியதும், இனத்தைக் குறிக்கும் கிரேக்க உறுப்பை இந்த ஈற்றோடு இணைத்துத்தான். இத்தகைய சொற்களில் உறுப்பும் பொருளும் பிசகாமல் பொருந்துகின்றன. நேர்மாறாக, ‘புட்’, ‘கெட்’, ‘டேக்’ போன்ற அன்றாடச் சிறு வினைகளிடம் வேர்ச்சொல் முறை செல்லாது. ‘புட் ஆஃப்’ என்றால் ஒத்திப்போடுவது, ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்வது. இவற்றை வாக்கியமாகவே மனத்தில் பதிய வைக்க வேண்டும்.

தேர்வறையில் அறியாத சொல் எதிர்ப்பட்டால், உறுப்புகளை விடை கண்டுபிடிக்க என்பதைவிடப் பொருந்தாத விடைகளைக் கழிக்கப் பயன்படுத்துங்கள். ‘பெனிவலன்ட்’ என்பதற்கு எதிர்ச்சொல் கேட்டால், ‘பெனி’ நன்மை என்ற அளவிலேயே நல்ல பொருள்தரும் விருப்பங்களை நீக்கிவிடலாம். எஞ்சியவற்றில் தீமையைக் குறிக்கும் ‘மல்’ தொடக்கத்தில் நிற்கும் ‘மலெவலன்ட்’ இருந்தால் துணிந்து தேர்ந்தெடுக்கலாம். பத்தியில் வரும் சொல்லாக இருந்து, உறுப்பு ஒன்றைச் சொல்ல வாக்கியம் வேறொன்றைச் சொன்னால், வாக்கியத்தையே நம்புங்கள். வாக்கியமும் இல்லை, கையில் இருப்பது ‘இன்’ என்ற ஒற்றை முன்னொட்டு மட்டுமே என்றால், தவறான விடைக்கு அரை மதிப்பெண் குறையும் எஸ்.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வில் அந்த வினாவை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்.