ரயில் இரைச்சலைப் படித்தால் வேலை கிடைக்குமா?

அன்புள்ள ஐயா,

'ரயில் சத்தத்தைப் போய் யாராவது படிப்பார்களா?' என்று கேட்டிருந்தீர்கள். படிக்கிறார்கள். அதைப் படிக்க வேண்டும் என்ற உங்கள் மகளின் ஆசையில் கோளாறு எதுவும் இல்லை.

ஓடும் ரயிலின் இரைச்சலில் பெரும்பகுதி, சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடத்தில் பிறக்கிறது. இரண்டின் பரப்பிலும் உள்ள மைக்ரோமீட்டர் அளவு மேடுபள்ளங்களே காரணம். சில இடங்களில் தண்டவாளம் அலையலையாகத் தேய்ந்துவிடும். 3 சென்டிமீட்டருக்கு ஓர் அலை என்று வையுங்கள். மணிக்கு 108 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போகும் சக்கரம் நொடிக்கு 1,000 முறை உலுக்கப்படும். அந்த 1,000 ஹெர்ட்ஸ் ஒலியையும் ரயிலின் வேகத்தையும் வைத்தே தேய்மானத்தைக் கண்டுபிடித்துவிடலாம். சக்கர அச்சின் முனையைத் தாங்கும் அச்சுப் பெட்டியில் அதிர்வு உணரியைப் பொருத்திவிட்டால், வழக்கமாக ஓடும் பயணிகள் ரயிலே பாதையைச் சோதித்துக்கொண்டு போகும். தேய்ந்த இடத்தை அரைத்துச் சமன்செய்தால் சத்தமும் அடங்கும். (உள்ளே ஒளிந்திருக்கும் விரிசலுக்கு இது போதாது, காதுக்குக் கேட்காத உயர் அலைவெண் ஒலியைச் செலுத்திப் பார்க்கும் மீயொலிச் சோதனை வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் உங்கள் மகளே என்னைத் திருத்துவாள்.)

வேலை இருக்கிறதா என்பதுதானே உங்கள் கவலை? வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகள் சக்கரத்தைச் சொரசொரப்பாக்கி இரைச்சலைக் கூட்டுவதால், சுவிட்சர்லாந்து 2020இலேயே சரக்கு ரயில்களில் அவற்றை ஓரங்கட்டியது. இப்படி விதி வரும் இடத்திலெல்லாம் அளக்க ஆள் தேவைப்படுகிறது. ரயில் நிறுவனங்கள், பெட்டித் தயாரிப்பாளர்கள், அளவீட்டுக் கருவி நிறுவனங்கள், சுற்றுச்சூழல் ஆலோசகர்கள் என நாலைந்து வகை முதலாளிகள் உண்டு. ஆனாலும் துறை சிறியது. அதை மறைக்க மாட்டேன். பாதையில் இறங்கித் தண்டவாளத்தை அளக்க ரயில் ஓடாத நேரமே தோதானது என்பதால் இரவுப் பணியும் வரும்.

ஆகவே, இளநிலையிலேயே ஒலியியல் என்று குறுக்கிக்கொள்ள வேண்டாம். இயந்திரவியலோ கட்டுமானப் பொறியியலோ படிக்கட்டும். அதிர்வியல், சமிக்ஞைப் பகுப்பாய்வு (உணரிகள் தரும் பதிவுகளை அலசுவது), நிரலாக்கம் மூன்றையும் விடாமல் பிடித்துக்கொள்ளட்டும். ரயில் வேலை அமையாவிட்டாலும் காற்றாலை, கார், பாலம் என்று எங்கும் இவை செல்லும். முதுநிலையில் ஒலியியலுக்குப் போகலாம். உண்மையான தடை கணிதம்தான். ஓர் ஒலியை அதில் கலந்திருக்கும் அலைவெண்களாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியர் பகுப்பாய்வு அவளுக்குப் பிடிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்த சந்திப்புக்கு முன் ஒரு வேலை. நடைமேடையில் பாதுகாப்பாகத் தள்ளி நின்று, நிற்காமல் கடக்கும் நான்கு ரயில்களைக் கைபேசியில் அவள் பதிவு செய்யட்டும். இலவச மென்பொருளில் அவற்றின் அலைவெண் வரைபடத்தைப் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். எந்த முகடு எதனால் வந்தது என்று நீங்களும் அவளிடம் கேட்டுப் பாருங்கள்.