ஈறுநோயும் தேயிலைத் தோட்டமும் – கடிதம்

அன்புள்ள சார்,

எனக்கு 41 வயது. ஈறுநோய் முற்றி, கீழ்ப்பற்கள் இரண்டு ஆடுகின்றன. அப்பாவுக்கும் ஐம்பதுக்குள் பல்லெல்லாம் போய்விட்டது. எபிஜெனடிக் மாற்றங்களால் ஈறுநோய் வரும் என்று படித்தேன். அப்படியானால் இது என் தலையெழுத்துதானே? பரிசோதனை உண்டா? மகளுக்கும் வருமா? (தினம் ஏழெட்டு சிகரெட் பிடிப்பேன். கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்கிறார்கள், அதனால் போகவில்லை.)

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முக்கியமானதையெல்லாம் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர்கள். கிளீனிங்கால் பல் ஆடாது. எலும்பு முன்பே கரைந்திருக்கும், காரையை எடுத்ததும் அது தெரியவரும், அவ்வளவுதான். எபிஜெனடிக் பரிசோதனை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். உங்கள் ஈறின் செல்களில் ஏறிய எபிஜெனடிக் அடையாளம் மகளுக்குப் போகாது. அவளுக்கு ஒழுங்காகப் பல் துலக்கச் சொல்லிக்கொடுங்கள்.

தலையெழுத்து என்றீர்களே, அதைத்தான் விட முடியவில்லை. மரபணுவின் எழுத்து அப்படியே இருக்க, எது வேலை செய்யும், எது அடங்கிக் கிடக்கும் என்பது மாறுவதுதான் எபிஜெனடிக்ஸ். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழும் பள்ளமான ஈறுப்பையில் வாழும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியா பியூட்டிரேட் அமிலத்தை விடுகிறது. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் சுற்றிக் கிடக்கிறது. அந்தச் சுற்றை இறுக்கிவைக்கும் நொதியை இந்த அமிலம் தடுக்க, மூடிக் கிடக்கவேண்டிய மரபணுக்கள் திறக்கின்றன. சிகரெட்டும் இப்படி அடையாளம் வைக்கும். புகைப்பவர்களின் ரத்தத்தில் ஏ.எச்.ஆர்.ஆர். என்ற மரபணுவின் மேல் மெத்தில் என்ற வேதி அடையாளம் குறைந்திருக்கும், சிகரெட்டை விட்டுவிட்டால் வருடங்கள் போகப்போக பெருமளவு மீண்டு வரும். மீண்டு வருவதைத் தலையெழுத்து என்பீர்களா?

கொஞ்ச நாளாக இலங்கை மலையகத்தில் நடந்த ஓர் ஆய்வு என் மனதைவிட்டுப் போகவில்லை, உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அதனால்தான். 1970இல் பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவர் குழுவினரும் தேயிலைத் தோட்டத்து ஆண்கள் 480 பேரின் வாயைப் பார்க்கத் தொடங்கி, 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். பல் மருத்துவமே எட்டாதவர்கள் என்பதால்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோருக்கும் பல் நிறைய அழுக்கும் காரையும். ஆனாலும் 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி நோய் போகவில்லை, 81 சதவீதம் பேருக்கு மிதமாகப் போனது, 8 சதவீதம் பேருக்கு 45 வயதில் பல்லின் பிடிமானம் சராசரியாக 13 மில்லிமீட்டர் போயிருந்தது. ஒரே அழுக்கு, வேறுவேறு உடம்பு. மரபணு, எபிஜெனடிக்ஸ் என்று இன்று பேசுகிறவர்களெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடுகிறார்கள்.

நம் பல் மருத்துவ மாணவர்கள் 8, 81, 11 என்று மனப்பாடம் செய்கிறார்கள். அந்தத் தோட்டத்து ஆண்கள் நம் ஊர்களிலிருந்து போன கூலிகளின் பேரப்பிள்ளைகள், இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மலையகத் தமிழர்கள் என்று எந்த வகுப்பில் சொல்கிறோம்? இதோடு ஒப்பிட நார்வேயின் ஒஸ்லோவில் அளந்தவர்கள் சின்ன வயதிலிருந்தே பள்ளியில் பல் மருத்துவம் கிடைத்தவர்கள், அவர்களுக்கு இழப்பு மிகக் குறைவு. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவனுக்குக் கிடைக்காததைப் போய்த் தலையெழுத்து என்று சொல்வதா? எனக்குக் கோபம் வருகிறது.

சரி, இந்த வாரமே ஈறு மருத்துவரிடம் போங்கள். ரத்தச் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். சிகரெட்டை மறைக்காதீர்கள் தம்பி, புகைப்பவர்களின் ஈறில் ரத்தம் குறைவாகவே கசியும், அதனால் நோய் இருப்பதைவிடச் சின்னதாகத் தெரியும்.