போனைத் திருப்பிக் கொடுங்கள், தம்பி

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு. நாற்பது வருடமாக மண்டி வியாபாரம் பேசியவர். நான்கு வருடமாகப் பார்க்கின்சன் நோய். மாத்திரை தவறாமல் கொடுக்கிறோம், சாப்பாட்டுக்கும் குறையில்லை. இரண்டு மாதத்தில் இரண்டு முறை விழுந்துவிட்டார், இரண்டும் பாத்ரூம் வாசலில். குரல் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்பதில்லை. மண்டிக்காரர்களுக்கு அவர் பேசுவது புரியாததால் சித்திரையில் அவர் போனை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் யார் வந்தாலும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறார். தைரியமே போய்விட்டது. விழாமல் நடக்கவும் பேச்சு வரவும் என்ன பயிற்சி செய்யலாம்? குரல் எழும்ப மருந்து உண்டா?

பதில்: தம்பி, கடிதம் முழுக்க நோயைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நடுவில் ஒரே ஒரு வரி போனைப் பற்றி. எழுதிவிட்டு நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

சித்திரை என்றால் உங்கள் ஊரில் என்ன மாதம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காய் இறங்கத் தொடங்கும், மண்டியிலிருந்தும் மாங்கூழ் ஆலையிலிருந்தும் பேச்சு வரும். பெங்களூராவுக்கு என்ன விலை, செந்தூராவை எப்போது பறிக்கலாம் என்று நாற்பது சித்திரை பேசிய மனிதரிடம், நாற்பத்தோராவது சித்திரையில் போனைப் பிடுங்கியிருக்கிறீர்கள். "வாங்கி வைத்துக்கொண்டேன்" என்று மென்மையாக எழுதினாலும் நடந்தது அதுதான். வாய்க்கு இருந்த ஒரே வேலையைப் பறித்துவிட்டு, பேச்சு வர மருந்து கேட்கிறீர்கள். அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வது எப்போது தொடங்கியது? உட்கார்ந்து மாதக் கணக்குப் பாருங்கள்.

இந்த நோயில் மனச்சோர்வும் பதற்றமும் தாமாகவே வரும். மூளையில் நடக்கும் அதே மாற்றம்தான் காரணம். டாக்டரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள், தனி மருந்து உண்டு. ஆனால் நீங்கள் கொடுத்த சோர்வுக்கு மாத்திரை கிடையாது.

பார்க்கின்சனில் உடம்பின் ஒவ்வோர் அசைவும் சிறுத்துப்போகிறது. மூளையின் ஆழத்தில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் குறையக் குறைய, எந்த வேலைக்கு எவ்வளவு விசை வேண்டும் என்ற கணக்கு தப்புகிறது. கையெழுத்து சிறுக்கும், அடி குறுகும், முகம் இறுகும், குரல் தாழும். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். இதில் வேதனை என்னவென்றால், குரல் தாழ்ந்தது அவருக்கே தெரியாது. உங்களுக்கு முணுமுணுப்பாகக் கேட்பது அவர் காதுக்குச் சாதாரணப் பேச்சு. "சத்தமா பேசுப்பா" என்று நீங்கள் சொன்னால், இதற்கு மேல் கத்த வேண்டுமா என்று அவருக்குக் கோபம்தான் வரும். அவர் அக்கறையில்லாமல் பேசுகிறார் என்று வீட்டில் யாராவது நினைத்தால் அந்த நினைப்பை இன்றோடு விடுங்கள். இறுகிய முகத்தைப் பார்த்து "அப்பாவுக்கு எதிலும் விருப்பமில்லை" என்று முடிவுகட்டுவதும் அதே தவறு.

இந்தக் குரலுக்கென்றே 1987-ல் அமெரிக்காவில் ஒரு பயிற்சி முறை உருவானது. லீ சில்வர்மன் என்ற நோயாளியின் பெயரில் அதை அழைக்கிறார்கள். அவர் பேசுவது தங்கள் காதில் விழ வேண்டும், புரிய வேண்டும் என்று அவர் குடும்பத்தார் ஏங்கியதிலிருந்து பிறந்தது அது. அங்கே வீட்டார் கேட்க ஆசைப்பட்டார்கள். உங்கள் வீட்டில் போனை எடுத்து வைத்தாயிற்று. அந்தப் பயிற்சி வாரம் 4 நாள், நாளுக்கு 1 மணி நேரம், 4 வாரம், மொத்தம் 16 அமர்வு. பெங்களூர் நிமான்ஸ் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சிக்குத் தனித்துறையே இருக்கிறது. லோடு ஏற்றிக்கொண்டு ஓசூர் ரோட்டில் போகிறவர்களுக்கு அது தெரியாத இடமில்லை. ஒருமுறை அழைத்துப் போய்ச் சோதித்து, பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொண்டு வாருங்கள். அதுவரை வீட்டில் செய்வதற்கு அந்த முறையின் சாரத்தைச் சொல்கிறேன்.

நிமிர்ந்து உட்கார வைத்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். வயிறு எழும்ப மூச்சை இழுத்து, "ஆ..." என்று நல்ல சத்தமாக, மூச்சு இருக்கும்வரை. இப்படி 15 முறை. பிறகு அதே "ஆ"வைத் தாழ்விலிருந்து மேலே ஏற்றி 15, மேலிருந்து கீழே இறக்கி 15. தொண்டையை நெரித்துக் கத்தக் கூடாது. நரம்பு புடைத்தால், குரல் கரகரத்தால், தவறாகச் செய்கிறார் என்று பொருள். கரகரப்பு இரண்டு வாரம் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்தது பத்து வாக்கியம். இதைத்தான் பலரும் கெடுக்கிறார்கள். பாடப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள், மூன்றாம் நாள் அவர் மறுத்துவிடுவார். உங்கள் அப்பா தினமும் உண்மையிலேயே சொல்லுகிற பத்து வாக்கியமாக இருக்க வேண்டும். "இன்னைக்கு என்ன ரேட்டு?", "லோடு எத்தனை மணிக்கு?", "அந்த விலைக்குக் கட்டாது", "பணம் எப்பக் கொடுப்பே?", "ஒரு டம்ளர் தண்ணி கொண்டா". ஒவ்வொன்றையும் 5 முறை, "ஆ" சொன்ன அதே சத்தத்தில். இப்போது புரிகிறதா? பயிற்சி வாக்கியங்களில் பாதி அந்தப் போனுக்குள் இருக்கிறது.

போன் இன்னொரு வேலையும் செய்யும். அதில் ஒலிப்பதிவு இருக்கிறதே. அவர் சாதாரணமாகப் பேசுவதை ஒருமுறை, உரக்கச் சொல்வதை ஒருமுறை பதிவு செய்து, இரண்டையும் போட்டுக் காட்டுங்கள். தன் குரல் எவ்வளவு சிறுத்திருக்கிறது என்று முதல்முறையாக அவருக்கே கேட்கும். நீங்கள் நூறு தடவை சொல்லி ஏறாதது இதில் ஏறும். போனை எப்போதும் வாயிலிருந்து ஒரே தூரத்தில், ஒரு சாண் தள்ளி வைத்துப் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் நேற்றையதையும் இன்றையதையும் ஒப்பிட முடியாது.

வீட்டாருக்கும் பயிற்சி உண்டு. அவர் பேசும்போது டிவியையும் மிக்ஸியையும் நிறுத்துங்கள், எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பாருங்கள். வாக்கியத்தை நீங்கள் முடிக்கக் கூடாது. மனதுக்குள் பத்து எண்ணுங்கள், பிறகு கேளுங்கள். சத்தம் குறைந்தால் திட்ட வேண்டாம், உள்ளங்கையை மேலே தூக்கிக் காட்டுங்கள், அதுவே சைகையாக இருக்கட்டும். பெற்றவர் பேச்சு முடியும்வரை காத்திருப்பது மகனின் கடமை என்றே நான் நினைக்கிறேன். நீங்கள் பேசக் கற்றபோது அவர் காத்திருந்தார்.

பாத்ரூம் வாசலுக்கு வருகிறேன். இரண்டு முறையும் அதே இடத்தில் விழுந்தது தற்செயலில்லை. குறுகலான வாசல், உயர்ந்த நிலைப்படி, உள்ளே நுழைந்ததும் திரும்ப வேண்டும், கையில் சொம்போ துண்டோ இருந்திருக்கும். பார்க்கின்சன்காரரின் கால் இந்த இடங்களில்தான் தரையோடு ஒட்டிக்கொள்ளும். கால் நின்றுவிடும், உடம்பு முன்னே போய்விடும். அப்போது வீட்டார் கையைப் பிடித்து இழுப்பார்கள். அதுதான் கீழே தள்ளுவது. இழுக்காதீர்கள், பேச்சுக் கொடுத்து அவசரப்படுத்தாதீர்கள். பக்கவாட்டில், அரை அடி பின்னால் நின்றுகொள்ளுங்கள். முதலில் அவர் நிற்கட்டும். மூச்சு விடட்டும். உடம்பின் எடையை இடக்காலுக்கும் வலக்காலுக்கும் இரண்டு மூன்று தரம் மாற்றட்டும். பிறகு "ஒண்ணு, ரெண்டு" என்று உரக்கச் சொல்லி, பெரிய அடியாக, குதிகால் முதலில் பட எடுத்து வைக்கட்டும். எண்ணுவது குரலுக்கும் பயிற்சி, காலுக்கும் தாளம்.

வாசலுக்கு முன்னும் பின்னும் தரையில் குறுக்காக மஞ்சள் டேப் ஒட்டுங்கள், ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை அடி. நட என்று சொன்னால் நகராத கால், கோட்டைத் தாண்டு என்றால் தாண்டும். மூளை அதற்கு வேறு வழியைப் பிடித்துக்கொள்கிறது. திரும்பும்போது ஒரு காலை ஊன்றிச் சுழலவே கூடாது. வண்டி திரும்புவதுபோல் நான்கைந்து அடி எடுத்து வளைந்து திரும்ப வேண்டும். இடமில்லாத பாத்ரூமில் நின்ற இடத்திலேயே சின்னச் சின்ன அடியாக வைக்கட்டும், கால் மாற்றிக் கால். பிடிக்கும் கம்பி சுவரில் திருகாணி போட்டு இறுக்கியதாக இருக்கட்டும். துண்டு போடும் கம்பி ஆளைத் தாங்காது. வாளியும் சொம்பும் முன்கூட்டியே உள்ளே இருக்கட்டும், நடக்கும்போது கை காலியாக இருக்க வேண்டும். இரவில் விளக்கு அணையக் கூடாது. ரப்பர் செருப்பு வேண்டாம், குதிகாலைப் பிடிக்கும் செருப்பு வாங்குங்கள். வேட்டி அவிழ்ந்து காலில் சிக்குவதாலும் விழுகிறார்கள், ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டி கடைகளில் கிடைக்கிறது.

சக்கரமில்லாத வாக்கரை யாராவது சொன்னார்கள் என்று வாங்கிவிடாதீர்கள். தூக்கித் தூக்கி வைக்கும்போது கால் இன்னும் ஒட்டிக்கொள்ளும். எது பொருந்தும் என்பதைப் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 5-8-2021 அன்று தொடங்கிவைத்ததே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை கொடுப்பது அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள்.

வீட்டில் செய்ய இது போதும்: கையுள்ள கனமான நாற்காலி, சுமார் 18 அங்குல உயரம், சுவரை ஒட்டிப் போட்டது. விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து, "மூணு" என்றதும் எழ வேண்டும். 10 முறை, காலையும் மாலையும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. பின்னால் சாய்ந்தபடி எழ முயல்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

படுக்கையிலிருந்து எழும்போது இரண்டு நிமிடம் விளிம்பில் உட்காரட்டும். இந்த நோயிலும் இதற்கான மருந்திலும் எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்கும். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ஒருமுறை அளந்து பாருங்கள். மேல் எண் 20 குறைந்தால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

"தவறாமல்" மாத்திரை கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணிக்கு என்று எழுதவில்லை. டோபமைன் குறைவை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரையில் மணிதான் மருந்து. புரதம் அதன் வழியை மறிக்கும். களியும் கொள்ளுக் கடைசலும் முட்டையும் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால் பாதி வீண். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் அதையும் தள்ளிக் கொடுங்கள். நேரத்தை மாற்றுமுன் டாக்டரிடம் கேளுங்கள், எந்தக் காரணத்துக்கும் சட்டென்று நிறுத்தாதீர்கள். பூனைக்காலி விதைப் பொடியை யாராவது கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அதில் இருப்பதும் லெவோடோபாதான், அளவு கூடிவிடும். வாந்தி, தலைசுற்றல் என்று உள்ளூர் கிளினிக்குக்குப் போனால் பார்க்கின்சன் இருப்பதை முதலில் சொல்லுங்கள். மெட்டோகுளோப்ரமைட், புரோகுளோர்பெரசின், சின்னரிசின் மூன்றும் இந்த நோயை மோசமாக்கும். சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்தால் நல்லது. குடிக்கும்போது புரையேறினால் அதுவும் விழுங்கும் அசைவு சிறுத்துப்போவதால்தான். நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன மிடறாக, பேசாமல் குடிக்க வேண்டும். அடிக்கடி ஏறினால் பேச்சுப் பயிற்சியாளரே அதையும் பார்ப்பார்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சனும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

இப்போது போன். மாத்திரை போட்டு முக்கால் மணி, ஒரு மணி கழித்துத்தான் அவருக்குக் கையும் குரலும் நன்றாக வரும். அது எந்த நேரம் என்று மூன்று நாள் குறித்துப் பாருங்கள். மண்டிக்காரர்களிடம் நீங்களே சொல்லுங்கள்: "அப்பாவிடம் பத்து மணிக்குப் பேசுங்க, மெதுவாப் பேசுவார், கேட்டுக்கங்க." இதைச் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், கூச்சம் அப்பாவுக்கு மட்டும் வந்ததில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். அவர் முதலில் விலையைச் சொல்லட்டும், ஒரு மூச்சுக்கு நாலு வார்த்தை, நிறுத்தி, அடுத்த மூச்சு. அந்தப் பக்கம் புரியாவிட்டால் அவரே திருப்பிச் சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் இருக்கலாம், வாயைத் திறக்காமல்.

மணி அடித்ததும் எழுந்து ஓடுவது இன்னொரு விழுகை. ஆகவே போன் மேசையில் இருக்கக் கூடாது, அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். உட்கார்ந்து மட்டுமே பேச வேண்டும், நடந்துகொண்டு பேசவே கூடாது. எழுத்தைப் பெரிதாக்குங்கள், அடிக்கடி பேசும் ஐந்து பேரை ஒரே தொடுதலில் வரும்படி வையுங்கள், ஸ்பீக்கரில் போடக் கற்றுக்கொடுங்கள். இன்று ராத்திரி சார்ஜ் போடுங்கள். காலையில் முதல் அழைப்பை நீங்களே தோப்பிலிருந்து செய்து, இன்றைக்கு எந்த மரத்தில் கை வைப்பது என்று அவரைக் கேளுங்கள்.